ஒஸ்ரின் வழிவந்த டட்சன்

பழைய யப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் பரப்பினால், யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 பிரித்துப் பழகிய மெக்கானிக்குக்கு அதில் பல சாமான்கள் கைபட்டுப் பழகினவையாகவே இருக்கும். இரண்டும் உறவுக்காரர். 1952 டிசம்பரில் நிசான் கம்பனி, இங்கிலாந்தின் ஒஸ்ரின் கம்பனியோடு ஏழு ஆண்டுக்கு ஓர் உடன்படிக்கை செய்தது. பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி முதலில் ஏ40 சோமர்செற் கார்களையும், 1955 முதல் ஏ50 கேம்பிரிட்ஜ் கார்களையும் நிசான் வெளியிட்டது. பாகங்களை ஒவ்வொன்றாக யப்பானிலேயே செய்யக் கற்றுக்கொண்டு, கடைசியில் முழுக் காரையும் அங்கேயே செய்வதுதான் நோக்கம். அந்தக் காலத்துக்குள் ஏறத்தாழ 20,000 ஒஸ்ரின் கார்கள் யப்பானில் உருவாகின.

ஏ50இன் எஞ்சின் 1,489 சி.சி. கொள்ளளவு கொண்டது. சிலிண்டரின் விட்டம், அதாவது போர், 73 மில்லிமீற்றர். பிஸ்ரன் மேலும் கீழும் ஓடும் தூரம், அதாவது ஸ்ரோக், 89 மில்லிமீற்றர். சிறிய கார் ஒன்றுக்கு 1,000 சி.சி.க்கு உட்பட்ட எஞ்சின் நிசானுக்குத் தேவைப்பட்டபோது, அங்கே வேலை செய்த டொனால்ட் ஸ்ரோன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் சுருக்கமான வழி ஒன்றைக் காட்டினார். போரைத் தொடாமல் ஸ்ரோக்கை மட்டும் 59 மில்லிமீற்றராகக் குறைப்பது. 73 மில்லிமீற்றர் வட்டத்தின் பரப்பு 41.9 சதுர சென்ரிமீற்றர்; அதை 5.9ஆல் பெருக்கி, நான்கு சிலிண்டருக்கு நான்கால் பெருக்கினால் 988 வரும். பழைய எஞ்சினைக் கடைந்த அதே இயந்திரங்களிலேயே புதியதையும் கடையலாம் என்பதுதான் இதன் பெரிய இலாபம். இந்த எஞ்சினோடு 1957இல் நிசானின் டட்சன் 210 வந்தது. அடுத்த ஆண்டே அவுஸ்திரேலியாவைச் சுற்றி ஓடிய மொபில்காஸ் பந்தயத்தில் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. 1959இல் அதே எஞ்சினுக்கு மேல் கண்ணாடி நார் உடலைப் போட்டு டட்சன் ஸ்போர்ட்ஸ் என்ற திறந்த காரை இருபது மட்டும் செய்தார்கள். அதன் வழியில் 1960இல் பெயர்லேடி என்ற கார் பிறந்தது. 1969இல் வெளிநாடுகளில் 240இசட் என்று பெயர் வாங்கிய பெயர்லேடி இசட் வந்தது.

உறவின் மற்றக் கிளை யாழ்ப்பாணத்தில் வளர்ந்தது. ஏ40, ஏ55, ஏ60 கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகியவை 1940களின் கடைசியிலும் அதற்குப் பின்னும் குடாநாட்டு வீதிகளுக்கு வந்தன. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை புதுக் கார் என்பது எட்டாக்கனி. இருக்கிற காரையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டும். வாடகைக் காராகவும் கலியாணக் காராகவும் அவை ஓடின. யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே கோண்டாவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம் என்று போகும் காங்கேசன்துறை வீதியில் ஒரு காலத்தில் ஏ40இன் உருண்டை முகம் அன்றாடக் காட்சி.

அந்தக் கார்களுக்குப் பெரிய சோதனை 1990இல் வந்தது. யூன் மாதம் போர் மீண்டும் தொடங்கியதும் வடக்கு மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்ட பட்டியலில்; மின்சாரமும் நின்றது. மட்டுப்பட்ட அளவில் கிடைத்தது மண்ணெண்ணெய். பெற்றோலுக்காகச் செய்யப்பட்ட எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. இதை வெறும் சாமர்த்தியக் கதையாகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அதற்குள் இருக்கும் வெப்பவியலும் வேதியியலும் ஒரு பாடநூலுக்குப் போதும்.

பெற்றோல் 30 பாகை சென்ரிகிரேட் அளவிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதே 150 பாகைக்கு மேல். அதன் ஆவி தீப்பொறிக்குப் பிடிக்க எண்ணெய் குறைந்தது 38 பாகைக்குச் சூடேறியிருக்க வேண்டும். மார்கழி விடியலில் இணுவிலில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் அந்தச் சூட்டுக்கு எவ்வளவோ கீழே. ஆகவே மண்ணெண்ணெயை ஊற்றி எத்தனை முறை சுழற்றினாலும் குளிர்ந்த எஞ்சின் உயிர்க்காது. முதலில் கொஞ்சம் பெற்றோலில் உயிர்ப்பித்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மோட்டார் சைக்கிள்காரர் சின்னப் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றில் பெற்றோலை வைத்துக்கொண்டு, காற்றுப் போகும் வாயில் சில துளி பீச்சி உதைப்பார்கள். காரில் பொனற்றுக்குள் கட்டிய சிறிய கொள்கலமும் ஒரு குழாயும் ஒரு திறப்பும் போதும். நிறுத்தப்போகும் இடத்துக்கு முன்பே திறப்பை மறுபடி பெற்றோலுக்குத் திருப்பிவிட்டால், காபரேற்றர்க் கிண்ணத்தில் அடுத்த உதைக்கு வேண்டிய பெற்றோல் நிற்கும்.

வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு இந்த முறை புதிதல்ல. செம்மண்ணில் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் கிணற்றுநீர் இறைத்த சிறிய எஞ்சின்கள், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் வகையாகவே இருந்தன. இணுவிலில் ஒரு தோட்டத்து வரம்பில் கற்ற பழக்கம் அது. தடைக்காலம் அதை வீதிக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்திலும் பழைய பேர்குசன் உழவு இயந்திரங்கள் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய எண்ணெயில் இதே போல ஓடின. அவற்றில் புகைபோக்கும் குழாயின் சூட்டை எரிபொருள் வரும் குழாய்க்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். றேடியேற்றருக்கு முன்னால் ஒரு மறைப்புப் போட்டு எஞ்சினைச் சூடாகவே வைத்திருந்தார்கள்.

பற்றறி கிடைக்காததற்கும் அந்தக் கார்களிடம் விடை இருந்தது. ஸ்ராட்டர் மோட்டாருக்கு நூறு அம்பியருக்கு மேல் வேண்டும். தீப்பொறிக்கு மூன்று நான்கு அம்பியர் போதும். எஞ்சினைச் சுழற்றச் சக்தியில்லாத கிழட்டுப் பற்றறி தீப்பொறிக்குத் தாங்கும். சுழற்றும் வேலையை முன்னால் சொருகும் கைபிடி செய்யும். அந்தக் கைபிடியைப் பிடிக்க ஒரு முறை உண்டு. பெருவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைக்கவேண்டும். சுற்றிப் பிடித்தால், எஞ்சின் பின்னடித்து உதைக்கும் தருணத்தில் பெருவிரல் முறியும்.

இனி அடிக்கும் சத்தம். பெற்றோலும் காற்றும் கலந்த கலவை தீப்பொறியிலிருந்து ஒழுங்காக எரிந்து பரவவேண்டும். அமுக்கத்தையும் சூட்டையும் தாங்காத எரிபொருள், சுடர் போய்ச் சேருமுன்பே மூலையில் தானாக வெடித்துவிடும். அதுதான் சிலிண்டருக்குள் கேட்கும் டக் டக் ஒலி. தாங்கும் திறனுக்கு அளவுகோல் ஒக்ரேன் எண். பெற்றோலுக்கு அது 90ஐ ஒட்டியது. மண்ணெண்ணெய்க்கு அதில் பாதிகூட இல்லை. ஏ40 எஞ்சின் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக அமுக்குகிறது. பின்னாளைய யப்பானிய ஸ்போர்ட்ஸ் எஞ்சின்கள் ஒன்பதில் ஒரு பங்காக அமுக்குபவை. குறைவாக அமுக்கும் பழைய எஞ்சின் என்பதால்தான் ஏ40 பிழைத்தது. அதுவும் சும்மா பிழைக்கவில்லை. டிஸ்ரிபியூற்றரைச் சற்றுத் திருப்பித் தீப்பொறியைப் பிந்தவைக்க வேண்டியிருந்தது. ஏற்றத்தில் இழுவை குறையும். குடாநாட்டில் ஏற்றமே இல்லாதது பெரிய உதவி.

கெடுதல் வேறு இடத்தில் நடந்தது. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி அடிக்கிண்ணத்து எண்ணெயில் கலக்கும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறையாமல், உண்மையில் ஏறிக்கூட இருக்கும். நல்ல எஞ்சின் என்று மகிழ்ந்தால் மோசம் போவோம். விரலில் தொட்டு மணந்தால் மண்ணெண்ணெய் மணக்கும். இரு விரல்களுக்கிடையில் தேய்த்தால் தண்ணீர் போல ஓடும். அந்த எண்ணெயில் பெயரிங்குகள் நீடிக்காது. தடைக்காலத்தில் ஓடிய கார் ஒன்றைப் புதுப்பிக்க எடுப்பவர், வெளியில் பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிராங்கை அளக்காமல் பணம் எண்ணக்கூடாது.

அடுத்தது தண்ணீர். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. இணுவில் கிணற்று நீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று, சூடானதும் காபனீரொக்சைட்டை விட்டுவிட்டுக் கல்சியம் காபனேற்றாகப் படியும். கேத்தலின் அடியில் ஒட்டும் வெள்ளைப் படிவு அதுவே. றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களிலும் எஞ்சினின் நீர்ச் சுவரிலும் அதே படிவு ஆண்டாண்டாக ஏறும். வார்ப்பிரும்பு கடத்தும் சூட்டில் மிகச் சிறு பங்கையே இந்தப் படிவு கடத்தும். ஆகவே தண்ணீர் நிறைந்திருக்கும்போதே எஞ்சின் கொதிக்கும். எலுமிச்சைப் புளிப்பான சிற்றிக் அமிலத்தின் மெல்லிய கரைசலைச் சூடாக ஓடவிட்டால் படிவு நுரைத்துக் கரையும். ஒஸ்ரினின் தலை வார்ப்பிரும்பு. 240இசட்டின் தலை அலுமினியம். அலுமினியத்தில் அமிலத்தை நீளநேரம் வைத்திருந்தால் படிவோடு உலோகமும் போகும். இரும்பு உடலும் அலுமினியத் தலையும் ஒரே நீரில் நனையும்போது அலுமினியம் மின்வேதி முறையில் அரிக்கப்படுவதால், அந்தக் கார்களுக்கு வெறும் நீர் பொருந்தாது. காய்ச்சி வடித்த நீரும் அரிப்புத் தடுப்பும் கலந்தே ஊற்றவேண்டும். மாரி மழைநீரைப் பிடித்து வைத்தால் சுண்ணாம்புத் தொல்லையாவது இல்லை.

துரு எல்லாவற்றிலும் பிடிவாதமான எதிரி. குடாநாட்டில் எந்த ஊருக்கும் கடலோ களப்போ தூரமில்லை. சோளகமும் வாடையும் உப்பைச் சுமந்தே வீசும். இரும்பு துருப்பிடிக்க ஒட்சிசனும் நீரும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துருவும் விரைந்து ஆழமாய்க் குழி தோண்டும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், இரண்டு தகடு சேரும் மடிப்பில் உள்ளிருந்து தள்ளி வெளிப்பூச்சை வீங்கவைக்கும். வெளியில் ஒரு சதக் குற்றி அளவு கொப்புளம் என்றால் உள்ளே கையளவு போயிருக்கும் என்பது டிங்கரிங் வேலைக்காரரின் கணக்கு. ஏ40இலும் முதல் பெயர்லேடிகளிலும் உடலுக்குக் கீழே தனிச் சட்டம் உண்டு. தரைத் தகடு போனாலும் கார் நிமிர்ந்து நிற்கும். 240இசட்டில் உடலே சட்டம். அங்கே தரையும் பக்கப் பெட்டிகளும் துருவினால் காரின் முதுகெலும்பே போகிறது. வெட்டி ஒட்டுமுன் உடலுக்கு உள்ளே முட்டுக் கொடுக்காவிட்டால் கதவு பிறகு பொருந்தாது.

சிறு பாகங்களின் துருவைப் போக்க மின்பகுப்பு நல்ல முறை. பிளாஸ்ரிக் பீப்பாய் ஒன்றில் நீரும் சலவைச் சோடாவும். ஓரத்தில் ஓர் இரும்புத் தகடு, அது பற்றறி சார்ஜரின் நேர்முனையில். நடுவில் கம்பியில் தொங்கும் துருப்பிடித்த பாகம், அது எதிர்முனையில். சில நிமிடத்தில் பாகத்தைச் சுற்றி நுண்ணிய குமிழிகள் எழும். மறுநாள் எடுத்தால் துரு கறுத்த சேறாகி, தூரிகையால் தேய்க்க உதிர்ந்து வரும். நல்ல இரும்பு தேயாது என்பதே இதன் சிறப்பு. குமிழி ஐதரசன் என்பதால் திறந்த வெளியில், நெருப்பு நெருங்காமல் செய்யவேண்டும். தகட்டுக்கு எவர்சில்வர் போடக்கூடாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாகக் கரையும். சோடாவுக்குப் பதில் கறியுப்புப் போட்டால் குளோரின் வாயு வரும். வில்லுகளையும் ஸ்ரியரிங் பாகங்களையும் இதில் இறக்கக்கூடாது: ஐதரசன் கடின உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும்.

கழுவிய எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் எங்கே ஊற்றுவது என்பது இந்த ஊரில் சின்னக் கேள்வி அல்ல. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்தில் ஊற்றியது விரைந்து கிணற்றுக்குப் போகும். இணுவிலுக்கு அருகிலுள்ள சுன்னாகத்தில் மின்நிலையச் சுற்றாடலின் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்திருந்தது 2010களில் வெளிவந்தபோது மக்கள் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். கராஜ்க் கழிவெண்ணெயைப் பீப்பாயில் சேர்த்துக் கொடுப்பது ஒன்றே வழி.

இனி அளவு. பழைய எஞ்சினைப் புதுப்பிப்பதில் பாதி வேலை மைக்ரோமீற்றரோடு. தேய்ந்த சிலிண்டர் வட்டமாக இராது. மேலே அகன்று கீழே ஒடுங்கியிருக்கும். அதை ஒரே அளவுக்குப் பெருப்பித்துக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்ரன் போடவேண்டும். ஆங்கிலக் கார்களுக்கு ஓவர்சைஸ் பிஸ்ரன் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று வரும். யப்பானியக் கார்களுக்கு கால், அரை, முக்கால், ஒரு மில்லிமீற்றர் என்று வரும். ஆயிரத்தில் இருபது அங்குலம் என்பது 0.508 மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றருக்கும் அதற்கும் வேறுபாடு 0.008தான். அதனால் ஒன்றுக்கு ஒன்று போதும் என்று நினைக்கத் தோன்றும். பிஸ்ரனுக்கும் சுவருக்கும் இடையே விடவேண்டிய வெளியே 0.03, 0.04 மில்லிமீற்றர்தான் என்பதை எண்ணினால் அந்த எட்டு சின்ன எண் அல்ல. இனிக் கடைய இடமில்லை என்ற நிலையில் சிலிண்டரைப் பெரிதாகக் குடைந்து வார்ப்பிரும்பு ஸ்லீவை அழுத்தி இறக்கி, மீண்டும் முதல் அளவுக்கே கடையலாம். நல்ல கடைச்சல் பட்டறை ஒன்று இருந்தால் சிலிண்டருக்குச் சாவில்லை.

புரிகளும் ஏமாற்றும். பழைய விற்வேர்த் ஆணியின் புரிக்கோணம் 55 பாகை. பின்வந்த யுனிஃபைட் புரிக்கும் மெற்றிக் புரிக்கும் 60. கையால் இரண்டு சுற்றுப் போகும், பிறகு இறுகும். அங்கே ஸ்பானரைப் போட்டு இழுத்தவர் அலுமினியத்தில் புரியைக் கொன்றார். 10 மில்லிமீற்றர் மெற்றிக் ஆணி கடையில் பெரும்பாலும் 1.5 மில்லிமீற்றர் இடைவெளிப் புரியோடு கிடைக்கும். யப்பானியக் கார்களில் இருப்பது 1.25. அந்த நாட்டுக் கார்களின் நட்சத்திர ஸ்குரூத் தலைகூட வேறு. அதன் அச்சு யப்பான் தரத்துக்கு வெட்டியது. சாதாரண ஸ்குரூட்றைவர் அதில் முழுதாக இறங்காமல் வழுகித் தலையைத் தின்றுவிடும்.

உறவு இன்னும் தெளிவாகத் தெரிவது காபரேற்றரில். மொறிஸ் மைனரில் இருப்பது எஸ்.யூ. வகை: உருளைக் கிண்ணத்துக்குள் ஒரு பிஸ்ரன், அதன் அடியில் கூர்ந்த ஊசி, ஊசி இறங்கும் ஜெற். எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்துக்கு ஏற்பப் பிஸ்ரன் எழும், ஊசியும் எழும், பெற்றோல் வரும் வளையம் அகலும். 240இசட்டில் பக்கத்துப் பக்கமாக நிற்கும் இரண்டு ஹிற்றாச்சிக் காபரேற்றர்களும் இதே கொள்கையில் செய்யப்பட்டவையே. சோதிக்கும் முறையும் ஒன்றுதான். மேல் மூடியின் சிறு எண்ணெய்த் தண்டைக் கழற்றிவிட்டு, பிஸ்ரனை விரலால் உயர்த்தி விடவேண்டும். ‘டக்’ என்று அடியில் தட்டினால் ஊசி ஜெற்றின் நடுவில் நிற்கிறது. மந்தமாக இறங்கினால் ஊசி ஓரத்தில் உரசுகிறது; ஜெற்றைத் தளர்த்தி நடுப்படுத்த வேண்டும். மைனரில் இந்தச் சத்தத்துக்குக் காது பழகியவருக்கு யப்பானியக் காரில் புதிதாகக் கற்க அதிகமில்லை. இரண்டு காபரேற்றரும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று ஒப்பிட்டுச் சரிசெய்வது மட்டுமே மேலதிக வேலை.

சாமான் தேடுவதில் முதல் கேள்வி, அதே பாகம் வேறு எந்தக் காரில் பூட்டப்பட்டது என்பது. ஏ55, மொறிஸ் ஒக்ஸ்போர்ட் போன்றவற்றின் 1,489 சி.சி. எஞ்சின் இந்தியாவில் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடியது. அந்தக் காரின் உற்பத்தி 2014 வரை நடந்தது. ஆகவே கொழும்பின் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இல்லாதது சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்க வாய்ப்புண்டு. அதே குடும்பத்தின் பெரிய எஞ்சினோடு எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை வந்ததால் இங்கிலாந்திலும் அந்த வரிசைக்கு இன்னும் சாமான் செய்கிறார்கள். நிசானில் பாக இலக்கமே வழிகாட்டும். இலக்கத்தின் முதல் ஐந்து எண் பாகத்தின் வகை: 15208 என்றால் எந்த நிசானிலும் எண்ணெய் வடிகட்டி. பின்பாதி எந்த எஞ்சின், எந்த மாதிரி என்று சொல்லும். முன்பாதியை வைத்துத் தேடி, பின்பாதி மாறிய பாகத்தை அளந்து பார்த்து வாங்குவதுதான் முறை. படத்தைப் பார்த்து வாங்கினால் பணம் போகும்.

யப்பானியக் கம்பனிகளே பழைய கார்களை நினைத்துத் திரும்பியது அண்மைக் காலத்தில்தான். 2017இல் நிசான் ஆர்32 ஸ்கைலைன் ஜி.ரி.ஆருக்கு நிறுத்திய பாகங்களை மீண்டும் செய்யத் தொடங்கியது. அதே ஆண்டு மஸ்டா, முதல் தலைமுறை எம்.எக்ஸ்.-5 காரைப் புதுப்பித்துக் கொடுக்கும் சேவையை அறிவித்தது. அந்தக் காருக்கு முதலில் பூட்டிய பிரிஜ்ஸ்ரோன் ரயரின் அதே பூக்கோலத்தைக்கூட மீண்டும் வார்த்தார்கள். 2020இல் ரொயோற்றா பழைய சுப்ராவின் பாகங்களை மீண்டும் செய்யத் தொடங்கியது.

கம்பனி செய்யாத பாகங்களில் உலோகத்தாலானவை பட்டறைக்கு வசப்படும். இறப்பர் வசப்படாது. இறப்பரின் நீண்ட சங்கிலிகளைக் கட்டிப்போட்ட கந்தகப் பிணைப்புகள் சூட்டால் மாறியும், சங்கிலிகளையே ஓசோன் அறுத்தும், பாவிக்காமல் பெட்டியில் கிடந்த பாகம்கூடக் காலத்தால் வெடிக்கும். ஆகவே பழைய கடையில் கிடைத்த ‘புது’ பிரேக் வோஷரை நம்பக்கூடாது. அதில் எஞ்சின் எண்ணெய் பட்டால் ஊதிப் பிரேக்கையே இறுக்கிவிடும். பிரேக்குக்குப் பிரேக் எண்ணெய் மட்டுமே. முன்கண்ணாடியும் அப்படித்தான், வளைவுக் கண்ணாடியைச் சாதாரணப் பட்டறையில் செய்யமுடியாததால், அது முழுதாக இருக்கும் காரையே முதலில் தேடி எடுப்பது நல்லது.

1980களுக்குப் பின் வந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் காபரேற்றரின் இடத்தை மின்னணுப் பெட்டி பிடித்தது. அதன் பலகையிலுள்ள சிறு உருளைக் கொள்ளளவிகளின் உள்ளிருக்கும் திரவம் இருபது, முப்பது ஆண்டில் கசிந்து செப்புத் தடங்களை அரிக்கும். கார் காரணமின்றி நிற்பதாகத் தோன்றும். பெட்டியைத் திறந்தால் கருவாட்டை ஒத்த மணம் வரும், கொள்ளளவியின் காலடியில் பழுப்புக் கறை தெரியும். ஒரே மதிப்புள்ள புதியதை ஈயம் வைத்துப் பூட்டினால், தடம் அறாதவரை பெட்டி மீளும். யாழ்ப்பாணத்தில் வானொலி திருத்துபவரின் ஈயக்கோல் இந்த வேலைக்குப் போதும்.